சிவப்பு சாது

புது வாஷிங் மெஷினைக் கொண்டு வந்து இறக்கியவர்கள் படியிறங்கிப் போவதற்குள் அண்ணி அதன் கண்ணைப் பொத்திவிட்டார். முகப்பில் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்த சின்ன விளக்குதான் கண். இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டியிருந்த கறுப்பு டேப் சுருளிலிருந்து ஒரு துண்டை இழுத்தார், பல்லால் கடித்துக் கிழித்தார், ஒட்டினார், கட்டைவிரலால் ஓரமெல்லாம் அழுத்தினார். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தார். "ம். இப்ப நிம்மதியாத் தூங்கும்" என்றார். துணி துவைக்க வந்த இயந்திரம் எதற்குத் தூங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குச் சமையல் நடக்காது.

அண்ணி என்பவர் என் கணவரின் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஜன்னல் இல்லாத வீடா பாத்து யாரும் கேட்டு வரலியே" என்பார். டேப் சுருள்தான் அவர் கழற்றாத ஒரே நகை. உறவில் ஒரு கல்யாணத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். மேடைக்குப் பக்கத்தில் வீடியோக்காரரின் கேமராவில் ஏதோ நீலமாக மினுக்க, அண்ணியின் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. நான் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் இருட்டில்தான் பதிவாகியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க டேப்பை உரிக்க வேண்டும். சார்ஜர், கொசு மெஷின், அடுப்பங்கரையில் மிக்ஸி, எல்லாம் கண் பொத்தப்பட்டவை. சிவப்புக்கு மட்டும் விலக்கு. டிவியின் சிவப்புப் புள்ளி, அதற்குக் கீழே ஸ்டெபிலைசரின் சிவப்புப் புள்ளி, இரண்டும் இஷ்டம்போல் எரியலாம். "சிவப்பு சாதும்மா. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும். யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்பார்.

இது அவர் அப்பா சொல்லிக் கொடுத்தது. என் மாமனார் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் கழுவுகிற இருட்டறையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். ஃபோட்டோத் தாளுக்கு மற்ற வெளிச்சமெல்லாம் ஆகாது, சிவப்பு ஆகும். சின்னப் பெண்ணாக அங்கே பயந்துகொண்டு நின்ற மகளிடம், "பயப்படாதே, சிவப்பு சாது" என்று அவர் சொல்லியிருக்கிறார். மகள் அதை வேதமாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஸ்டூடியோவை விற்றபோது நாற்காலி, திரை, கேமரா எல்லாம் யார் யாரோ கொண்டுபோனார்கள். அண்ணி அந்த பல்பை மட்டும் கேட்டு வாங்கி வந்து, தன் ஆராய்ச்சி நடக்கும் இருட்டறையில் மாட்டிவிட்டார்.

ஆராய்ச்சி என்றதும் சொல்ல வேண்டும். அண்ணி ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறார், வேலை பார்ப்பது ஃபிலிமில். உறவினர்களுக்கு இது ஒரு பெரிய ஏமாற்றம். "ஃபிலிம்ல இருக்காங்களாமே, யாரு ஹீரோ?" என்று கேட்பார்கள். "இரும்பு" என்பார் அண்ணி. "வில்லன்?" "துரு." "எப்ப ரிலீஸ்?" "பேப்பர்ல வரும்." அவர் சொல்லும் பேப்பர் ஆராய்ச்சி இதழ். ஆனால் என் சித்தப்பா ஒருவர் இன்றைக்கும் நாளிதழின் சினிமாப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் அந்த ஃபிலிம், நகத்தளவு கண்ணாடிபோன்ற ஒரு சில்லு. அதன்மேல் தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய படலமாக, இரும்பும் ஆக்ஸிஜனும் வாயில் நுழையாத பெயருள்ள இன்னொரு உலோகமும் சிட்டிகை சிலிக்கனும் படிய வைத்திருக்கிறார்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். அண்ணி அதற்கு வைத்த பெயர் குட்டி. "குட்டி தூங்குது, செருப்பு சத்தம் போடாதே" என்று நடைபாதையில் யாரையாவது அதட்டுவார். புதிதாகச் சேர்ந்த காவலர் ஒருவர், உள்ளே ஏதோ கைக்குழந்தையை இருட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று மேலிடத்தில் புகாரே கொடுத்துவிட்டார்.

நான் அதே நிறுவனத்தில் நூலகத்தில் இருக்கிறேன். இருவரும் என் ஸ்கூட்டரில்தான் போகிறோம். பின்னால் உட்கார்ந்ததும் அண்ணி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதற்குள்ளேயும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இருட்டறைக்குள் போனவுடனே கண் தெரிய வேண்டுமாம், அதற்கு வழியெல்லாம் பழக்கம். இறங்கிய பிறகும் கண்ணைத் திறக்க மாட்டார், சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். பார்வையில்லாதவர் என்று நினைத்து ஒரு நாள் யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து மிக அக்கறையாகக் கணக்குப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அண்ணியும் கண்ணைத் திறக்கவில்லை. "இங்க ஏன் இவ்வளவு ஃபேன் சத்தம்?" என்று மட்டும் கேட்டாராம்.

நிறுவனத்தில் அவர் பெயர் இருட்டம்மா. அவருக்குத் தெரியும், கோபமில்லை. எதிர் அறையில் இருப்பவரின் பெயர் சூட்டு சார். அவருக்கும் தெரியும், அவருக்குக் கோபம் உண்டு. நல்ல மனிதர், கையில் எப்போதும் தேநீர் பிளாஸ்க். உலகத்தில் எது நடந்தாலும் காரணம் சூடு என்பது அவர் கட்சி. கதவு இறுகினால் சூடு, கம்ப்யூட்டர் நின்றால் சூடு, நிறுவன இயக்குநர் கத்தினால் உடம்புச் சூடு. அண்ணியின் கட்சி ஒளி. இருவரும் மதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் எடுத்துத் தின்றுகொண்டே வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள்.

சண்டை என்னவென்று எனக்கு அண்ணி ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் விளக்கினார். என் கணவர் தட்டோடு எழுந்து டிவிக்குப் போய்விட்டார், நான் மாட்டிக்கொண்டேன். "குட்டி ஒரு காந்தம்மா. எந்தப் பக்கம் சுலபமாத் திரும்புவேன், எந்தப் பக்கம் முரண்டு பிடிப்பேன்னு அதுக்கு ஒரு குணம் இருக்கு. நல்லாக் குளுர வெச்சு, வெளிச்சத்தைக் காட்டினா அந்தக் குணம் மாறிப்போவுது."

"ஏன் மாறுது?"

"உள்ள இருக்கற எலெக்ட்ரான் இந்த இரும்பை விட்டு அந்த இரும்புக்குக் குடி மாறிப் போயிடுது. வெளிச்சம் வந்து தள்ளி விட்டுடுது. விளக்கை அணைச்சாலும் திரும்பி வராது. குளுர்ல யாரு சாமானைத் தூக்கிட்டு மறுபடி வீடு மாறுவா? சூடு காட்டினாத்தான் பழைய வீட்டுக்கு ஓடி வரும். வெளிச்சம் பட்டது குட்டிக்கு ஞாபகம் இருக்கும்மா. பட்டா பட்டதுதான்."

பட்டா பட்டதுதான். இது அவர் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் என்று சொல்ல முடியாது. கண் பட்டுவிடும் என்று மற்றவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதுபோல, வெளிச்சம் பட்டுடும் என்று அண்ணி குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். சட்டையில் குழம்பு சிந்தினாலும் அதே வார்த்தைதான்.

சூட்டு சார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மேடம், வெளிச்சம் போட்டா சூடாகும். சூடானா காந்தம் கொஞ்சம் தளரும். இதுல என்ன மேடம் அதிசயம்?" என்பார். "விளக்கை அணைச்ச அப்புறமும் மாறினது மாறினபடி நிக்குதே சார். சூடுன்னா ஆறினதும் பழையபடி வரணுமில்ல?" என்று அண்ணி மடக்குவார். அப்போது அவர் பிளாஸ்கின் மூடியைத் திறந்து, நிதானமாக ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, "நிக்கற அளவு எவ்வளவு மேடம்? உங்க மெஷினே தும்மினா அவ்வளவு அசையும்" என்பார்.

அங்கேதான் அண்ணி மாட்டிக்கொள்வார். மாற்றம் இருந்தது, ஆனால் துளியூண்டு. குட்டியின் குணத்தைக் காட்டும் ஒரு கோடு கம்ப்யூட்டர் திரையில் ஓடும். வெளிச்சம் பட்டதும் அது கொஞ்சம் ஏறும். ஏறியதா, ஏறவில்லையா என்று மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இதே சாமானில் வேறு எங்கெங்கோ இருப்பவர்கள் தாராளமாக ஏறுகிறது என்று எழுதுகிறார்கள். அண்ணிக்கு மட்டும் கஞ்சத்தனமாக ஏறியது. படலத்தில் குறையா, தன் கையில் குறையா என்று அவர் மாற்றாத சாமான் இல்லை, கேட்காத ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் இயக்குநருக்கு ஜன்னல் ஆசை வந்தது. வெளியாட்கள் வந்தால் உட்கார வைக்க வெளிச்சமாய், காற்றோட்டமாய் ஓர் அறை வேண்டும் என்று கட்டடம் முழுக்கச் சுற்றினார். தோட்டத்தைப் பார்த்த சுவர் எது என்று பார்த்தால், அது அண்ணியின் இருட்டறைச் சுவர். ஒரு நிபுணரை வரவழைத்திருக்கிறேன், அவர் இந்த வேலையில் விஷயம் இருக்கிறது என்று சொன்னால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் ஜன்னல் வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு கொத்தனாரையும் அனுப்பிவிட்டார். கொத்தனார் உள்ளே வந்து, இருட்டில் இரண்டு தடவை இடித்துக்கொண்டு, வெளிச் சுவரில் சாக்கட்டியால் ஒரு பெரிய ஜன்னலை வரைந்துவிட்டுப் போனார். கம்பிகூடப் போட்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கூட்டரில் அண்ணி கண்ணைத் திறந்தே வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, "குட்டியைச் சோதிக்கற பெரிய காந்தம் தரையோட பதிச்சிருக்கும்மா, அதைப் பேத்து வேற எங்கயும் கொண்டுபோக முடியாது. செவுத்துல ஓட்டை போட்டுட்டா நான் எங்க போவேன்?" என்றார். எப்போதும் கேலியும் குத்தலுமாகப் பேசுகிறவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "யாரு போடறான்னு பாத்துடலாம் அண்ணி" என்று வீராப்பாகச் சொன்னேன். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள் எந்தக் கொத்தனாரைத் தடுத்துவிட முடியும்?

நிபுணர் வருவதற்கு முந்தின நாள் மதியம், நூலகத்து ஃபோன் அடித்தது. "ஏம்மா, அப்பா போயிட்டார்" என்றது அண்ணியின் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமனார் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. "பல்பும்மா, பல்பு! பட்டுனு ஒரு சத்தம், போயிடுச்சு. இங்க ஒண்ணும் தெரியல. நீ ஓடி வா, கையைக் கொடு."

ஓடினேன். இருட்டறைக்கு இரண்டு கதவு, நடுவில் கனமான கறுப்புத் திரை. உள்ளே போனதும் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. "யாரு?" "நான்தான்." "அது என் காலு." "நகருங்க அண்ணி." "எங்க நகர்றது, பின்னாடி காந்தம்." சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தவரை தன் கையாவது தெரியும். இப்போது அதுவும் இல்லை. இந்தக் காலத்துக் கடைகளில் அந்த மாதிரி சாயம் பூசிய பல்பு கிடைக்கவும் கிடைக்காது. நாளைக்கு என்ன செய்வது, இன்றைக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் எப்படி என்று அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அவரே பெருமூச்சு விட்டு, "சரி, கண்ணு எதுக்கு? கைக்குத் தெரியும். ஓட்டிடலாம்" என்றார்.

குட்டி அப்போது அறைச் சூட்டில் இருந்தது, முந்தைய வெளிச்சமெல்லாம் மறந்துபோன நிலை. அண்ணி தடவித் தடவி திரவ நைட்ரஜனை ஊற்றினார். அது புஸ்ஸென்று சீறியது, என் முழங்காலில் பனி அடித்தது. நான் அலறினேன். "கத்தாதே, குட்டி தூங்கணும்." குளிர்ந்து அடங்கும்வரை இரண்டு பேரும் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணியின் டேப் வளையம் என் கையில் ஒட்டிக்கொண்டது. பிறகு அவர், கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் வெளியே வராமல் இருக்கக் கட்டியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அப்பா கேமராத் துணிக்குள் நுழைவது மாதிரியேதான் இருக்கும் என்று என் கணவர் சொல்வார்.

"கோடு எங்கம்மா போச்சு?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் நிக்கற இடத்துல இல்ல. எங்கியோ கீழ கெடக்கு. போச்சு, நான் எதையோ தட்டி விட்டுட்டேன்." ஒரு நிமிஷம் முனகல். "சரி, அந்த வெளிச்சத்தைத் திற."

சொன்ன குமிழைத் திருப்பினேன். குழாய்க்குள்ளிருந்து குட்டியின்மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. துணிக்குள் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "அண்ணி?" என்றேன். "அண்ணி, மயக்கமா?" துணியை விலக்கி என் தலையையும் உள்ளே விட்டேன். எனக்குக் காந்தமும் தெரியாது, கோடும் தெரியாது. ஆனால் படியேறத் தெரியும். அந்தக் கோடு அடிவாரத்திலிருந்து மாடிக்கு ஏறியிருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"அணை" என்றார். அணைத்தேன். கோடு இறங்கவில்லை. ஏறிய இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"போய்ச் சேந்த இடம் பழைய இடம்தாம்மா. கிளம்பின இடம்தான் வேற" என்றார். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. இருட்டில் மேலே, பல்பு தொங்குகிற மூலையைப் பார்த்துக் கேட்டார்: "அப்பா, நீங்களா?"

செத்த பல்பு மாதிரியே ஒரு சிவப்பு வெளிச்சம் காட்டிப் பார்க்க வேண்டும் என்றார். வாசல் காவலரிடம் ஒரு பழைய பல்பு டார்ச் இருந்தது. அதை வாங்கி வந்து, என் சிவப்பு ஷாலை நாலாக மடித்துச் சுற்றினோம். ஷால் என் கழுத்திலேயே இருந்தது, கழற்ற நேரமில்லை. குட்டியைச் சூடாக்கி மறக்க வைத்து, மறுபடி இருட்டில் குளிர வைத்து, நான் டார்ச்சோடு சேர்ந்து மூலையில் குனிந்து நின்றேன். கழுத்து வலித்தது. துணிக்குள்ளிருந்து அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார்: "ஏறுது... ஏறுது... பாவி, ஏறுது." சிவப்புச் சாயம் பூசிய பல்பு, கண்ணுக்குச் சிவப்பை மட்டும் காட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் அதன் பின்னால் கொட்டிக்கொண்டிருக்குமாம். ஃபோட்டோத் தாளை அது தொடாது. குட்டியைத் தொடும். இத்தனை வருடமும், இருட்டு என்று அண்ணி நம்பிய இருட்டில் அந்த சாது உட்கார்ந்து, எலெக்ட்ரான்களைச் சத்தமில்லாமல் குடி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முக்கால்வாசிப் பேர் போன பிறகு அண்ணி வந்து விளக்கைப் போட்டு, மிச்சம் போனவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார். அண்ணி உலகத்துப் பச்சையையும் நீலத்தையும் சந்தேகப்பட்டவர். இந்த ஒன்றைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் சும்மா இருப்பேனா? யோசனை சொன்னேன். "அண்ணி, பல்பைப் பத்தி மூச்சு விடாதீங்க. புதுசா ஓட்டினேன், பெருசா வந்துதுன்னு காட்டிட்டுப் போயிடலாம். சூட்டு சாருக்குத் தெரிஞ்சா காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்."

"அப்ப முன்னாடி அச்சாகி வந்தது? அதெல்லாம் சின்னதா, தப்பா கெடக்கே. அதைப் படிச்சுட்டு எவளாவது ஒருத்தி எங்கயாவது மண்டையை ஒடைச்சுக்கிட்டிருப்பா." மூக்கை உறிஞ்சினார். "பட்டா பட்டதுதாம்மா. துடைச்சுட்டுப் போக முடியாது."

மறுநாள் நிபுணர் வந்தார். ஒல்லியான பெரியவர், கதவருகே வந்ததும் தானாகவே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார், அதன் முள் இருட்டில் ஒளிரும் என்று. அண்ணியின் முகம் அப்போதே கொஞ்சம் தெளிந்தது. இயக்குநர், சூட்டு சார், பிளாஸ்க், ஓரமாக நான். அண்ணி ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் அந்தச் செத்த பல்பை வைத்து எல்லாருக்கும் காட்டினார்.

"முதல்ல இவரைப் பாத்துடுங்க" என்றார். "இவர் எங்க அப்பா ஸ்டூடியோ பல்பு. இத்தனை நாளும் நான் இருட்டுன்னு எழுதினதெல்லாம் இருட்டு இல்ல. இவர் எரிஞ்சுக்கிட்டிருந்தார். அதனால நான் அச்சுல போட்ட அளவெல்லாம் குறைச்சல். தப்பு என்னோடது. திருத்தி எழுதி அனுப்பறேன். இப்ப நிஜ இருட்டுல பாருங்க."

இயக்குநர் தட்டையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கை அணைத்தார்கள். நைட்ரஜன் சீறியது. இருட்டில் யாரோ என் காலை மிதித்தார்கள், இயக்குநர் என்றே நினைக்கிறேன், நானும் பதிலுக்கு மிதித்தேன். கறுப்புத் துணிக்குள் அண்ணியின் தலை, நிபுணரின் தலை, பிறகு பொறுக்க முடியாமல் சூட்டு சாரின் தலை. கோடு அடிவாரத்தில் கிடந்தது, வெளிச்சம் பட்டது, மாடிக்கு ஏறியது, அணைத்த பிறகும் அங்கேயே இருந்தது. அண்ணி குட்டியைச் சூடாக்கினார். கோடு அடிவாரத்துக்கு இறங்கியது.

"சார், சூடு ஏத்தலை. இறக்குது. பாத்தீங்களா?" என்றார் அண்ணி.

துணிக்குள்ளிருந்து சூட்டு சார் குரல் வந்தது. "மேடம், அந்த பல்புலேருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத ஒளின்னு சொன்னீங்களே, அதைத்தானே மேடம் நான் இத்தனை நாளா சூடு சூடுன்னு சொல்றேன்?"

"கண்ணுக்குத் தெரியலேங்கறதுக்காக ஒளி சூடாயிடுமா சார்? நீங்க வீட்டுல இல்லாதப்ப வேற ஆளாயிடறீங்களா?"

நிபுணர் சிரித்த சிரிப்பில் துணி அவிழ்ந்து விழுந்தது. விளக்கைப் போட்டதும் அவர் இயக்குநரிடம், "இந்த அறையில ஜன்னல் வெச்சீங்கன்னா நான் வந்து அடைப்பேன்" என்று சொன்னார். பிறகு அண்ணியிடம் திரும்பி, தப்பை இப்படித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து யாரும் தனக்குக் காட்டியதில்லை என்றார். அண்ணி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டேப்பைத் திருகினார்.

எல்லாரும் போன பிறகு நான் வெளியே வந்தபோது, தோட்டத்துப் பக்கம் சூட்டு சார் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கைக்குட்டையில் ஊற்றி, சுவரில் கொத்தனார் வரைந்த ஜன்னலைக் கம்பி கம்பியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சூடு பட்டா சீக்கிரம் போகும்மா, மேடம்கிட்ட சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வரும்போது அண்ணி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்த பல்பை என் சிவப்பு ஷாலில் சுற்றி, ஒரு பெட்டியில் போட்டு மடியில் வைத்திருந்தார். கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை. வீட்டில் என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, ஜன்னலா சுவரா?" என்று கேட்டார். "சுவர்டா" என்றார் அண்ணி. அவர் துள்ளி எழுந்து, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "அப்பா பல்பு காப்பாத்திடுச்சுன்னு சொல்லு!"

அண்ணி சிரித்தார். டிவியை அணைக்கச் சொன்னார். அணைத்ததும் மூலையில் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்தது. அதற்குக் கீழே ஸ்டெபிலைசரின் புள்ளி, மேலே சுவரில் மாமனாரின் படம். அண்ணி பல்லால் ஒரு துண்டு கடித்துக் கிழித்து டிவியின் கண்ணைப் பொத்தினார். இன்னொரு துண்டு கிழித்தார். அதை உடனே ஒட்டவில்லை. படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், டேப் துண்டைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், பிறகு குனிந்து ஸ்டெபிலைசரின்மேல் ஒட்டி, கட்டைவிரலால் ஓரமெல்லாம் அழுத்தினார்.